அணில்களின் பெயரால்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம், மேப்பிள் கவுண்டி என்னும் மாவட்டத்தின் பெருமதிப்பிற்குரிய குடிமக்களுக்கு அறிவிக்கப்படுவது என்னவென்றால்: அணில் இனத்தின் துயர் துடைக்க, வரிவிலக்குப் பெற்ற சமூக நல அமைப்பு ஒன்று டோரீன் ஸ்வோபோடாவின் சமையலறையில் உதயமாகிவிட்டது. தலைவி டோரீன். செயலாளர் அவள் தங்கை. பொருளாளர், வேறு ஆள் கிடைக்காததால், பக்கத்து வீட்டு லைல், அதாவது நான்.

டோரீனுக்கு அணிலைக் கண்டாலே ஆகாது. அவளுக்கு வேண்டியது வின்டன் பிரைனின் தோல்வி.

போன தடவை அவள் கவுண்டி ஆணையர் தேர்தலில் நின்றபோது, வின்டனின் பறவை நலச் சங்கம் டிவியில் விளம்பரம் போட்டது. நனைந்த சிட்டுக்குருவி ஒன்று. பின்னால் அழுமூஞ்சி பியானோ. "டோரீனுக்குப் போன் செய்யுங்கள். பறவைகள் மீது என்ன கோபம் என்று கேளுங்கள்." கீழே அவள் வீட்டு நம்பர். ஏரிக்கரையில் அடுக்குமாடி கட்ட விடமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள், அதுதான் விஷயம். விளம்பரத்துக்குக் காசு கொடுத்த கட்டடக்காரர்களின் பெயரைச் சட்டப்படி சங்கம் வெளியே சொல்லவேண்டியதில்லை. ஊரே போன் செய்தது. டோரீன் ஒருவர் விடாமல் திட்டிவிட்டு வைத்தாள். தோற்றாள்.

வரி அலுவலகத்தில் முறையிடப் போனபோது நானும் கூடப் போனேன்.

"மேடம், 'ஓட்டுப் போடாதீங்க'ன்னு அவங்க எங்கயாவது சொன்னாங்களா?" என்றார் அதிகாரி.

"இல்ல."

"'போன் பண்ணுங்க'ன்னுதானே சொன்னாங்க? அது அரசியல் இல்ல. விழிப்புணர்வு."

"வரிவிலக்குச் சங்கம்னா செலவுல பாதிக்கு மேல அரசியலுக்குப் போகக் கூடாதாமே?"

"விளம்பரத்துல குருவி வந்துச்சுல்ல? பறவைக் கணக்குல எழுதியிருக்காங்க."

கார் கதவை அறைந்து சாத்தினாள் டோரீன். "லைல், நானும் குடுக்கறேன் விழிப்புணர்வு. சாகற வரைக்கும் அந்தாளு மறக்கக் கூடாது."

இந்தத் தடவை வின்டனே தேர்தலில் நின்றார். மனைவியை இழந்து தனியாக இருக்கும் முன்னாள் பல் டாக்டர், எதிர் வீடு. குருவித் தீனியை அணில் தின்னாதிருக்கத் தீனித் தட்டின் கம்பத்தில் கிரீஸ் தடவி வைப்பவர். போதாதா? எங்கள் விளம்பரத்தில் ஓர் அணில் கம்பத்திலிருந்து மெதுவாக, மிக மெதுவாக வழுக்கி விழுந்தது. பின்னால் வயலின். "இவனைத் தோற்கடியுங்கள்" என்று முடிக்கத் துடித்தாள் டோரீன். எங்கள் வக்கீல் அந்த வரியை அடித்துவிட்டார். "வின்டனுக்குப் போன் செய்யுங்கள்" என்பதோடு நின்றது.

எதிர் வீட்டில் மணி ஓயவில்லை. திரைக்குப் பின்னால் பைனாகுலருடன் டோரீன்.

"பாரு லைல், சாப்பிடக்கூட விடமாட்டேங்கறாங்க! சூப்பு ஆறியே போச்சு!"

"அவரு சிரிக்கிறாரே?"

"பைத்தியம் புடிச்சிருச்சுய்யா!" என்று தொடையைத் தட்டினாள்.

வின்டன் வென்றார், டோரீன் தோற்றதைவிட மூன்று மடங்கு வித்தியாசத்தில்.

"எப்படிய்யா?" என்றாள், பைனாகுலரைக் கீழே வைக்காமல்.

"போன் பண்ணின எல்லார்கிட்டயும் பேசியிருக்காரு. 'கிரீஸ் தடவினது தப்புதாங்க. அது கிடக்கட்டும், ஒரு பக்கமா வாய வெச்சுப் பேசறீங்களே, பல்லு வலியா?'ன்னு கேட்டிருக்காரு."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

நான் அவருக்குப் போன் செய்த அன்று எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது.