ஒரு ‘ஸ்’ தூரம்

மழை விட்டுவிட்டது. ஆறு விடவில்லை. வேரோடு ஒரு மரம் மிதந்து போனது, அதன் பின்னால் இன்னொன்று. செம்மண் நிறத்தில் தண்ணீர், நிற்க நேரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை. படுக்க முடியவில்லை. எனக்கும் நிற்க நேரமில்லை, ஆனால் நின்றுகொண்டிருந்தேன்.

கடலே தொடாத மாநிலம் இது. ஆர்கன்சா. கீழே ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர். எழுதும்போது கடைசியில் ஒரு ‘ஸ்’ உண்டு, சொல்லும்போது விழுங்கிவிடுவார்கள்.

என் கணவர் கதிரேசன் இருப்பது இதே ஆற்றின் மேலே, கன்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில். விமானத் தொழிற்சாலையில் வேலை. அந்த ஊர்க்காரர்கள் மாநிலத்தை ஆர்கன்சா என்பார்கள். ஆற்றை மட்டும் ஆர்கன்சஸ் என்பார்கள், ‘ஸ்’ஸை அழுத்தி.

ஒரே ஆறு, இரண்டு பெயர். நாங்களும் அப்படித்தான். ஒரே குடும்பம், இரண்டு வீடு. யார் வேலையை விடுவது என்று இரண்டு வருடமாகச் சண்டை.

காவிரிக்கரையில், குளித்தலையில் பிறந்தவள் நான். ஆற்றைப் பார்த்தால் மனசு அடங்கும் என்று நினைத்திருந்தேன். இந்த ஆறு அடங்கவிடாது. அவர் பார்த்த தண்ணீர் இங்கே வந்து சேர எத்தனை நாளாகும் என்று கணக்குப் போட வைக்கும். தண்ணீராவது வந்துவிடுகிறது.

பிரசவத்துக்கு மட்டும் பக்கத்தில் இருப்பேன் என்று சத்தியம் செய்திருந்தார்.

காலை எட்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது, மூன்று வாரம் முன்னதாகவே. உடனே கிளம்புகிறேன் என்றார். ஏழு மணி நேரப் பயணம். குழந்தையின் தலை இன்னும் மேலேயே இருந்தது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும், ஒரு மணிக்கு வைத்துக்கொள்வோம் என்றார் டாக்டர்.

பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்.

“ஆர்கன்சஸைத் தாண்டிட்டேன் கோதை. வந்துக்கிட்டே இருக்கேன்.”

ஆர்கன்சா மாநில எல்லையைத் தாண்டிவிட்டார். இன்னும் இரண்டரை மணி நேரம்தான். டாக்டரிடம் கெஞ்சினேன். குழந்தையின் துடிப்பு சீராக இருக்கும்வரை பார்க்கலாம் என்றார், அரை மனதாக.

காத்திருந்தேன். மரங்கள் போயின. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போனது. வலி வந்தது, போனது, முன்பைவிடச் சீக்கிரமாக வந்தது.

இரண்டு மணிக்கு நர்ஸ் ஷெரில் வந்து துடிப்பு லேசாக இறங்குகிறது என்றாள். என்னைத் தேற்றுவதற்காக ஜன்னலைக் காட்டி, எங்கள் ஆர்கன்சா இப்படிப் பொங்கிப் பார்த்து வருஷங்களாச்சு என்றாள்.

ஆர்கன்சா. ‘ஸ்’ இல்லை.

அவர் போனில் சொன்னதில் இருந்தது.

அவர் தாண்டியது மாநில எல்லை அல்ல. ஆறு. விச்சிட்டாவுக்குள்ளேயே, வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் வரும் பாலம். எட்டு மணிக்குச் சொல்லிவிட்டு, பன்னிரண்டு தாண்டித்தான் காரை எடுத்திருக்கிறார்.

நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரம் என்ன செய்தார்? கோபம் வந்தது, அழுகை வந்தது, இரண்டுக்கும் இப்போது இடமில்லை என்பதும் தெரிந்தது. அவருக்காக என் பிள்ளையை நிறுத்தி வைத்திருந்தேனே.

“காத்திருக்க வேண்டாம்,” என்றேன். குரல் என்னுடையதுதான்.

இரண்டு இருபத்தைந்துக்குப் பெண் பிறந்தாள். கொஞ்சம் நீலம் பாரித்து, பிறகு சிவந்து, பிறகு அறையே அதிர அழுதாள்.

ஏழரைக்கு அவர் வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. வழியெல்லாம் மழை, காலையிலிருந்து ஓட்டிக்கொண்டே இருக்கிறேன் என்றார்.

“நீங்க எந்த ஆர்கன்சஸைத் தாண்டினீங்கன்னு எனக்குத் தெரியும்,” என்றேன்.

ஆபீசில் ஒரு மீட்டிங் என்று முணுமுணுத்தார். இன்னொரு பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாத முகம். அதைப் பார்க்கவும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

குழந்தையை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

“கையைக் கழுவிட்டு வாங்க.”

போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவர் அழுதுகொண்டிருந்தார்.