கறுத்த மேக்னெட்

எனக்குச் சுத்தம் என்றால் உயிர். பக்கத்து மேசைக்காரர் அப்படியில்லை. அவர் வேலை செய்வது பல்லேடியம் என்ற உலோகத்தோடு, அதனால் ஆய்வகத்தில் அவர் பெயரே பல்லேடியம் அண்ணன். அவருடைய குடுவைகளைப் பார்க்கும்போதெல்லாம், "சுத்தம் சோறு போடும் அண்ணே" என்பேன். "நான் டிபன் பாக்ஸ் கொண்டாந்துட்டேம்மா" என்பார்.

என் வேலை தங்கத்தோடு. நகைக்கடைத் தங்கம் இல்லை, கண்ணுக்கே தெரியாத நுண்துகள். தண்ணீரில் மிதந்தால் நல்ல சிவப்பாக இருக்கும். மஞ்சளாக இருக்கும் ஒரு கழிவுநீரில் ஒரு பொடியைப் போட்டு, என் தங்கத்தில் நாலு சொட்டு விட்டால், நாலே நிமிடத்தில் மஞ்சள் போய்த் தெளிந்துவிடும். மூன்று மாதமாக ஒருமுறைகூடத் தவறவில்லை. புதன்கிழமை பத்து மணிக்கு இதைப் பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. தெளிந்தால் எனக்கு இன்னும் ஒரு வருடம் வேலை. தெளியாவிட்டால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

வருகிறவர்கள் முன்னால் மானம் போகக் கூடாதே என்று, செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் உலோகத்தையே கரைக்கிற ராஜ திராவகத்தில் ஊறப்போட்டுக் கழுவினேன். குடுவைக்குள் சுழன்று கரைசலைக் கலக்கும் குட்டி மேக்னெட்டையும் விடவில்லை. கன்னங்கரேலென்று கிடந்தது, பளிச்சென்று வெளுத்து வந்தது.

புதன் காலை எட்டு மணிக்கு ஒத்திகை பார்த்தேன். நாலு நிமிடம் ஆகியும் மஞ்சள் அப்படியே இருந்தது. நாற்பது நிமிடத்தில் லேசாக வெளிறியதோடு சரி. தண்ணீரைத் திட்டினேன், பொடியைத் திட்டினேன், தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியையும் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அழுகை வந்துவிட்டது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, என்ன மாத்தின?"

"ஒண்ணும் மாத்தல அண்ணே. கழுவினேன், அவ்வளவுதான்."

"என்கிட்ட இரவல் வாங்கினியே, அந்த மேக்னெட்டையுமா?"

"அதையும்தான். எவ்வளவு அழுக்கு!"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது அழுக்கு இல்ல தாயே, என் பல்லேடியம்!"

தன் டிராயரிலிருந்து அதே கறுப்பில் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். புதிதாக எடுத்த கழிவுநீரில், தங்கம் ஒரு சொட்டுகூட விடாமல், பொடியோடு அதை மட்டும் போட்டேன். நாலே நிமிடத்தில் தெளிந்தது. மூன்று மாதமாக உழைத்தது அண்ணனின் கறை, பேர் வாங்கியது என் தங்கம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பேசாம இதையே போட்டுக் காட்டிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

ஆசையாகத்தான் இருந்தது. "வேற எங்கயாவது எவளாவது இதைச் செஞ்சு பார்த்துட்டு, என்னை மாதிரியே உட்கார்ந்து அழுவா அண்ணே" என்றேன்.

பத்து மணிக்குக் குழுவின் முன் இரண்டு குடுவைகள் வைத்தேன். வெள்ளை மேக்னெட்டும் தங்கமும் ஒன்றில், கறுத்த மேக்னெட் மட்டும் இன்னொன்றில். இரண்டாவதுதான் தெளிந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ உங்க தங்கம் மூணு மாசமா என்னதான் பண்ணுச்சு?"

"வேடிக்கை பார்த்துச்சு மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. தலைவி மெல்லப் போனை எடுத்துத் தன் ஆய்வகத்தை அழைத்தார். "நம்ம மேக்னெட் எல்லாம் என்ன கலர்ல இருக்குன்னு பாரு... என்னது? ஐயோ, கழுவாத! கழுவாத!"

போனை வைத்துவிட்டு, என்னைக் காட்டி மற்றவர்களிடம் சொன்னார். "இவங்க இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும். எல்லாரோட மேக்னெட்டையும் பார்க்க ஒரு ஆள் வேணும்."

அண்ணன் என் காதருகே குனிந்தார். "பார்த்தியா, சோறு போட்டது எதுன்னு?"