சம்பத்தின் முறைக்காய்ச்சல்

மூன்று வயது சம்பத்துக்கு வரும் காய்ச்சலுக்கு, ஆம்பூரை ஒட்டிய அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். எதிர் வீட்டு மஹ்பூபி கடைவாய்ப் பல் என்றாள். கோடி வீட்டில் கண்திருஷ்டி என்றார்கள். வெள்ளிக்கிழமை பேரணாம்பட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வந்திறங்கிய ஜெயம்மாளோ மூக்கைப் பிடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: எல்லாம் தோல் ஷாப் நாற்றம்.

ஜெயம்மாள், சம்பத்தின் அப்பன் முனிரத்தினத்துக்கு அக்கா. முனிரத்தினம் வேலை பார்ப்பது தோல் பதனிடும் அந்த ஷாப்பில்தான்.

"வர்ற வியாழக்கிழமை வர்றேன். அன்னிக்கும் புள்ளைக்கு ஒடம்பு சுட்டுச்சின்னா என்கூட இட்டுக்கினு போய்டுவேன். அஞ்சு வயசு வரைக்கும் என் வூட்ல வளரட்டும். நல்ல காத்து, நல்ல தண்ணி."

அக்காவை எதிர்த்துப் பேசிப் பழகாத முனிரத்தினம் தலையை ஆட்டிவிட்டான். அவன் மனைவி மீனாம்பாள் விரல் விட்டு எண்ணினாள். கையில் இருப்பது ஆறு நாள்.

மீனாம்பாள் எதையும் நின்று பார்க்கிறவள். கிணற்றில் கவலை இறைக்கும் மாடு ஏன் பின்னாலேயே நடக்கிறது, ரயில் எப்படித் தடம் மாறுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள். பையனின் காய்ச்சலையும் அப்படித்தான் பார்த்து வைத்திருந்தாள். காய்ச்சல் வந்த நாளுக்குச் சுவரில் ஒரு கரிக்கோடு, வராத நாளுக்கு ஒரு புள்ளி. கோடு, புள்ளி, கோடு, புள்ளி என்று அது கோலம்போல ஒழுங்காக ஓடியது. நேரமும் தப்பவில்லை. உச்சிப்பொழுதில் பல் கிட்டும் நடுக்கம், அப்புறம் கொதிப்பு, விளக்கு வைக்கும்போது வேர்த்துக் கொட்டி இறங்கிவிடும். மறுநாள் பையன் கோழி துரத்துவான்.

"ஏன் மஹ்பூபி, பல்லுன்னா ஒருநாள் மொளைச்சி மறுநாள் உள்ள பூந்துக்குமா?"

"என்னைக் கேட்டா? எங்க ஷஹீனுக்குப் பல்லு வந்தப்ப காய்ச்சல் வந்துச்சி, அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"திருஷ்டி போடுறவளும் ஒருநாள் வுட்டு ஒருநாள் லீவு எடுக்குறாளா? ஷாப் நாத்தம் தினமும்தான் அடிக்குது. காய்ச்சல் மட்டும் இன்னாத்துக்கு நாள் பாத்து வருது?"

"உனக்கு வாய் ஜாஸ்தி மீனா," என்றாள் மஹ்பூபி. "தபாலாபீசுல சர்க்கார் காய்ச்சல் மருந்து தர்றாங்களாம். அங்க போய்க் கேளு, போ."

இதைக் கேட்டு முனிரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தான். "கடுதாசி போடுற எடத்துல மருந்தா? காய்ச்சல் மேல ஸ்டாம்பு ஒட்டி வேற ஊருக்கு அனுப்பிடுவாங்களா?"

மறுநாள் சனிக்கிழமை அவள் போனாள். தபாலாபீஸ் குமாஸ்தா இஷ்தியாக் அகமது நாள் கணக்கைக் கேட்டதுமே கொயினா என்கிற குயினைன் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டார்.

"இது முறைக்காய்ச்சல் தங்கச்சி. கொசு கடிக்கும்போது ஒரு விதையை ரத்தத்துல வுட்டுடுது. அது நூறாப் பெருகும். எல்லாம் ஒரே நாள்ல நட்ட நாத்து மாதிரி. ரெண்டு நாள்ல ஒண்ணா முத்தி ஒண்ணா வெடிக்கும். அப்பதான் நடுக்கம். மறுபடி ரெண்டு நாள் முத்தணும் இல்ல? அதான் நடுவுல ஒருநாள் சும்மா இருக்குது. காகிதத்துல போட்டிருக்கிற அளவுல ஏழு நாள் குடு. காய்ச்சல் நின்னாலும் நிறுத்தாதே."

பொட்டலத்தோடு ஒரு படமும் கொடுத்தார். அதில் இரண்டு கொசுப்புழுக்கள். ஒன்று தண்ணீரில் தலைகீழாகத் தொங்கியது. மற்றது தண்ணீரின் மேல்மட்டத்தோடு படுத்துக் கிடந்தது. படுத்திருப்பதுதான் இந்தக் காய்ச்சலைக் கொண்டுவரும் ஜாதியாம்.

கொசு என்ற சொல்லைக் கேட்டதும் முனிரத்தினத்துக்கு ரோஷம் வந்தது. "அப்ப எங்க ஷாப் குழிதான் காரணம்னு அக்கா சொல்லும், பாரு!" சாயங்காலமே தோல் ஊறும் பட்டைக்குழித் தண்ணீரை ஒரு தகரத்தில் மொண்டு வந்தான். ஆவாரம்பட்டை ஊறிய சிவப்புத் தண்ணீர். "தேடு! ஒரு புழுவைக் காட்டிடு, நான் வேலையை வுட்டுடறேன்."

மீனாம்பாள் தேடினாள். ஒன்றும் இல்லை. அந்தத் துவர்ப்பில் என்ன பிழைக்கும்? அடுத்ததாகச் சாக்கடையில் ஒரு சொம்பு மொண்டாள். புழு நெளிந்தது, ஆனால் எல்லாம் தலைகீழாகத் தொங்கியது.

அவள் கண் மெல்ல வாசல் மூலைக்குத் திரும்பியது. அங்கே கல்தொட்டி இருந்தது. ஷாப்புகள் பெருகி ஊர்க் கிணறுகள் உப்பாகிவிட்டதால் நல்ல தண்ணீர் வண்டியில்தான் வரும். பிள்ளைக்கு அந்தத் தண்ணீரைத்தான் கொடுக்க வேண்டும் என்று போன வருஷம் அந்தத் தொட்டியை இறக்கி வைத்தவளே ஜெயம்மாள்தான். அருமையான தண்ணீர் என்பதால் யாரும் அதைக் கொட்டிக் கழுவியதில்லை. குறையக் குறைய மேலே ஊற்றுவதோடு சரி.

மீனாம்பாள் குனிந்து பார்த்தாள். கண்ணாடிபோன்ற தண்ணீரில், உமித்துண்டுகள் மிதப்பதுபோலப் புழுக்கள் படுத்துக் கிடந்தன.

"அக்கா கிட்ட இதை யார் சொல்றது?" என்றான் முனிரத்தினம்.

"மொதல்ல கவுத்துக் கொட்டு. அப்புறம் சொல்லலாம்."

அன்றைக்கே மாத்திரையைப் பொடித்து வெல்லத்தில் பொதிந்து கொடுத்தார்கள். பையன் வெல்லத்தை விழுங்கிவிட்டுக் கசப்பை அப்பன் சட்டைமேல் துப்பினான். அடுத்த உருண்டை இறங்கியது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் சரியாக வந்து சேர்ந்தது.

"உன் ஸ்டாம்பு மருந்து வேலை செய்யலியே!" என்றான் முனிரத்தினம்.

"முத்திப் போனது வெடிச்சிதான் தீரும். ஏழு நாள்னு சொன்னாரு இல்ல?" என்று அதட்டிச் சுவரில் கோடு போட்டவள், பொட்டலத்தில் மிச்சமிருந்ததை இரண்டு தடவை எண்ணினாள். செவ்வாய்க்கிழமை உடம்பு லேசாக வெதுவெதுத்ததோடு நின்றது.

வியாழக்கிழமை காலையிலேயே ஜெயம்மாள் வந்துவிட்டாள். கையில் பையனின் துணிமணிக்கென்று ஒரு காலித் தகரப்பெட்டி. மீனாம்பாள் தொட்டி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கோபம் பொங்கியது.

"நான் வாங்கிக் குடுத்த தொட்டியாலயா காய்ச்சல்? வெயில் ஏறட்டும், பாக்கறேன்."

உச்சிப்பொழுது வந்தது. ஜெயம்மாள் பையன் நெற்றியில் கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். மீனாம்பாள் அடுப்படியிலிருந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் சோறு கேட்டான், தின்றான், அத்தை கையைத் தட்டிவிட்டுக் கோழிக்குப் பின்னால் ஓடினான். வெயில் சாய்ந்தது.

"வேர்க்குது பாரு!" என்று ஜெயம்மாள் துள்ளி எழுந்தாள்.

"ஓடினா வேர்க்காம இன்னா செய்யும் அண்ணி? நடுங்கவே இல்லியே."

விளக்கு வைத்தார்கள். ஜெயம்மாள் கடைசியாக ஒரு தடவை நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. சந்தோஷப்படுவதா, ஏமாந்துபோவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தாள்.

"சரி, புள்ள இங்கயே இருக்கட்டும்," என்றாள். "ஆனா அந்தக் காய்ச்சலை நான் நம்பமாட்டேன். நாள் மாத்திக்கினு வந்தாலும் வரும். ஏழு நாள் மாத்திரை முடியட்டும், அதுக்கு மேலயும் ஒரு வாரம் இருந்து பாத்துட்டுத்தான் கெளம்புவேன்."

முனிரத்தினம் மனைவியைப் பார்த்தான். மீனாம்பாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உலைக்கு இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி எடுக்க உள்ளே போனாள்.