டீக்கடை வரைக்கும் வந்த பூ

'உங்கள் அன்பு மகிழ்ச்சியோடு ஒப்படைக்கப்பட்டது' என்று போனில் செய்தி வந்தபோது நான் திருச்சானூரில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தேன். செய்தியோடு ஒரு படமும் வந்தது. கண்ணாடித்தாள் சுற்றிய ஜெர்பரா பூங்கொத்து ஒரு மர பெஞ்சின்மேல் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் வடைத் தட்டு. மேலே தொங்கிய ஷாம்பு சரத்தைப் பார்த்ததும் இடம் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் முனிரத்தினத்தின் டீக்கடை.

என் அம்மா செங்கம்மா டீக்கடையில் குடியிருக்கவில்லை.

ஆந்திர எல்லையில் குப்பம் டவுன் பக்கம், சாந்திபுரத்தைத் தாண்டி எங்கள் ஊர். பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை. அங்கிருந்து ஏரிக்கரையைச் சுற்றிச் சின்னப் பாலத்தைக் கடந்தால் எங்கள் காலனி. சிமெண்ட் ரோடு வீடுவரை போகிறது. ஓட்டுக் கேட்க வருகிற ஜீப் வாசலிலேயே நிற்கிறது. ஒரு பைக்கால் வர முடியாத இடம் இல்லை அது.

அந்தப் பூ வாசலுக்கு வருவதில் ஒரு விஷயம் இருந்தது. அம்மாவுக்குத் திருப்பதியில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்து, அண்ணன் தேவேந்திரன் ஊருக்கு அழைத்துப் போயிருந்தான். இத்தனை நாளாக வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்தாள். இன்றைக்கு வாக்கர் இல்லாமல் வாசல்வரை நடந்து பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புது மூட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும்தான், அது பயப்படாது. பயப்படுவது தொடைத் தசை. அதற்கு ஒரு காரணம் கொடுத்தால் வேலை செய்யும். வாசலில் ஒருவர் பூவோடு நின்றால் அம்மா எழுந்து போய் வாங்குவாள் என்று நினைத்தேன். எனக்கு பாலிடெக்னிக்கில் பரீட்சை டியூட்டி, போக முடியாது. அதனால் டெலிவரி ஆப்பில் பூ. இன்றைக்கு ஒருத்தர் வருவார் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

அண்ணி கன்னிகாவுக்குப் போன் போட்டேன்.

"பூவா? இங்க ஒண்ணும் வரலியே. அத்த காலையிலேர்ந்து நல்ல பொடவ கட்டிக்கினு கட்டில்ல குந்திக்கினு கீறாங்க. யாரு வராங்க, யாரு வராங்கன்னு கேட்டுக்கினே கீறாங்க."

விஷயத்தைச் சொன்னேன். அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"டீக்கடையிலதான கீது? நான் மெதுவா போயி எடுத்துக்கினு வரேன். காலு என்ன கண்ணாடியா?"

"மா, வாசலத் தாண்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு."

"அப்ப கன்னிகா போவட்டும்."

"யாரும் போவக் கூடாது. அது அங்கயே கெடக்கட்டும்."

"எதுக்குடி கத்தறே? கொரியர்ல வர்ற மாத்திரையக்கூட அங்கதான் வெப்பான். போயி எடுத்துக்கினு வர்றதுதான?"

எனக்குக் கோபம் வந்தது அந்தக் கடைசி வார்த்தையில்தான். 'எடுத்துக்கினு வர்றதுதான' என்று அம்மா சொன்னாளே, அந்தச் சாதாரணக் குரலில்.

எங்கள் தெருவில் எல்லார் போனிலும் முனிரத்தினத்தின் நம்பர் இருக்கும். கூப்பிட்டேன்.

"பூ பத்திரமா கீதும்மா. வாடாம தண்ணிகூட தெளிச்சி வெச்சேன்."

"சந்தோஷம்ணா. அத ஏன் நீங்க வாங்குனீங்க?"

"எப்பவும் இங்கதான வெப்பாங்க? உங்காளுங்க வந்து எடுத்துக்கினு போவாங்க."

"தென்னந்தோப்புக்குள்ள கீற பெரிய வூட்டுக்குப் பார்சல் வந்தா?"

"அது வூட்டுக்கே போயிடும்."

"அங்க தார் ரோடுகூடக் கெடையாதேண்ணா."

"அது வேற, சங்கரி."

"என்ன வேற?"

பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்து, ஆப்பில் இருந்த நம்பரில், பூவைக் கொண்டுவந்த பவன்குமாரைப் பிடித்தேன். குப்பம் டவுன் பையன். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினான். அதற்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான்.

"அக்கா, நா தப்பு காது, என் தப்பு இல்ல அக்கா. மேப்பு அக்கடதான் காட்டுது. டீக்கடை மேலதான் புள்ளி."

"டோர் நம்பர், தெரு எல்லாம் போட்டிருந்தேனே?"

"நேனு ஏம் சேயாலி, நான் என்ன பண்றது அக்கா? புள்ளி எங்க கீதோ அங்கதான் வெக்கணும்."

அந்தப் புள்ளி எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் ஆசையாகப் பாடம் நடத்துகிற விஷயம் அது.

கிராமத்து வீட்டு நம்பர்கள் மேப்புக்குத் தெரியாது. அதனால் ஆப் ஒரு தந்திரம் செய்கிறது. இதே விலாசத்துக்கு முன்பு வந்தவர்கள் 'ஒப்படைத்துவிட்டேன்' என்ற பட்டனை எங்கே நின்று அழுத்தினார்கள் என்று பார்க்கிறது. எல்லா அழுத்தல்களையும் சேர்த்து நடுவில் ஒரு புள்ளி வைக்கிறது. திருப்பதியில் இது பெரிய கெட்டிக்காரத்தனம். ஒரு லாட்ஜுக்கு முன்வாசல் பூட்டியிருந்து பின்வாசல்தான் திறந்திருக்கும் என்றால், யாரும் சொல்லாமலே புள்ளி பின்வாசலுக்கு நகர்ந்துவிடும். மேப்பே நடந்து போய்ப் பார்த்த மாதிரி இருக்கும்.

எங்கள் ஊரிலும் அது நன்றாகத்தான் பார்த்திருக்கிறது. இத்தனை வருஷமாகக் காலனிக்குப் பார்சல் கொண்டுவந்த அத்தனை பேரும் டீக்கடையில் வண்டியை நிறுத்தினார்கள், வைத்தார்கள், அழுத்தினார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். பாலத்தைத் தாண்டி ஒருவரும் வரவில்லை. மேப் கற்றுக்கொண்டது: இந்தக் காலனி ஜனங்கள் எல்லாரும் ஒரு டீக்கடை பெஞ்சில் வசிக்கிறார்கள். இப்போது அது எங்கள் ஊரைப் பார்த்தே இராத பவன்குமாருக்குச் சொல்லிக் கொடுக்கிறது, எங்கே நிற்க வேண்டும் என்று. அவன் யாரையும் ஒதுக்கவில்லை. ஒதுக்குகிற வேலையை அவன் கையில் இருக்கிற போன் செய்து முடித்துவிட்டது.

"பவன், திரும்பிப் போ. பூவை எடுத்துக்கினு போயி எங்கம்மா கையில குடு."

"தரேன் அக்கா, அதுல ஒண்ணும் இல்ல. இப்பவே போறேன்."

"வாசல்ல நின்னு பட்டன அழுத்தணும்."

"அதான் ஆகாது. புள்ளியச் சுத்தி ஒரு வட்டம் கீது. வட்டத்துக்கு வெளிய நின்னு அழுத்தினா எடுக்காது. மோசம் பண்றான்னு என் பேர்ல சிவப்பு மார்க் விழும். அப்புறம் ஆர்டரே வராது."

அதாவது, நல்ல மனசோடு ஒருவன் வாசல்வரை வந்தாலும் அவன் திருடன். டீக்கடையில் போட்டுவிட்டுப் போனால் யோக்கியன். இதைக் கண்டுபிடித்தவர்களின் படிப்பை நினைத்து எனக்கு உடம்பு எரிந்தது. நானும் அதே படிப்புத்தான்.

ஆட்டோவை விட்டுவிட்டு ஒரு பாத்திரக்கடை நிழலில் நின்றுகொண்டு கம்பெனியைக் கூப்பிட்டேன். மோகனப்ரியா என்று ஒரு பெண் தேன் மாதிரிப் பேசினாள்.

"மேம், உங்க சிரமத்துக்கு வருந்துகிறோம். முழுத் தொகையும் திருப்பிக் கொடுத்துடறோம்."

"தொகை வேணாம். புள்ளிய மாத்துங்க."

"அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி கூப்பன் தரலாம் மேம்."

"கூப்பன டீக்கடையில வெப்பீங்களா?"

வேறு குரலில், எழுதிக் கொடுத்ததைப் படிக்காத குரலில் அவள் சொன்னாள்: "மேம், 'இடம் தவறு'ன்னு ஒரு வழி இருக்கு. டெலிவரி பண்றவர் வீட்டு முன்னாடி நின்னு, டோர் நம்பர் தெரியற மாதிரி, வாங்கறவரோட படம் எடுத்து அனுப்பணும். நாங்க இங்க பார்த்து ஒத்துக்கிட்டா புள்ளி நகரும். நேரம் ஆகும்னு யாரும் அதப் பண்றதில்ல."

"இன்னிக்குப் பண்ணுவாங்க. லைன்லயே இருங்க."

இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்தேன். அவள் முடிந்துபோன ஆர்டரை மறுபடி திறந்துவிட்டு, பவன்குமாருக்கு வழியைச் சொன்னாள். சிவப்பு விழாது என்று நான் கேட்கவே அவளிடம் உறுதி வாங்கிக்கொண்டான். அப்புறம் பைக் சத்தம், முனிரத்தினத்தின் குரல், கண்ணாடித்தாள் சரசரப்பு, மறுபடி பைக். பாலத்தில் ஏறி இறங்கிய சத்தம்கூட எனக்குக் கேட்டது. பிறகு எங்கள் தெரு நாய்கள் குரைத்தன. பைக்கில் வருகிற புது ஆளை அவை பார்த்துப் பழகியதில்லை.

"அம்மா, பார்சல்!"

"இருப்பா, வரேன்," என்றாள் அம்மா.

"அத்த, வாக்கரு..." இது அண்ணி.

"அது கெடக்கட்டும், நீ வழிய வுடு."

தரையில் பாதம் தேய்கிற சத்தம். ஒரு நிறுத்தம். மறுபடி தேய்ப்பு. 'கதவப் புடிச்சிக்குங்க' என்று அண்ணி சொன்னது, 'புடிச்சிக்கினுதான் கீறேன்' என்று அம்மா அதட்டியது.

"அம்மா, இக்கட நில்லுங்க, நம்பர் தெரியணும். ஒரு போட்டோ."

"பூவக் குடுக்காம போட்டோவா? கல்யாணமா பண்ணப்போற?"

படம் போனது. காத்திருந்தோம். வந்த பதில் நிராகரிப்பு. டெலிவரி இடம் வீடாக இல்லை, பதிவான இடத்திலிருந்து மிகத் தூரம் என்று, படத்தை முதலில் பார்க்கிற மிஷின் சொல்லிவிட்டதாக மோகனப்ரியா சொன்னாள்.

பவன்குமார் போனை ஸ்பீக்கரில் போட்டிருக்க வேண்டும். அம்மா கேட்டுவிட்டாள்.

"யாரும்மா அது, வூடு இல்லன்னு சொல்றது? சொவரு கீது, கதவு கீது, கதவ புடிச்சிக்கினு நான் நிக்கறேன். நான் என்ன டீக்கடை பெஞ்சிலயா படுத்துக்கினு கீறேன்? மிஷினு வேணாம், நீ பாரு. உனக்குக் கண்ணு கீதுல்ல?"

சற்று முன் மாத்திரையைப் போய் எடுத்துவந்தால் போதும் என்று சொன்ன அதே அம்மாதான். மறுபக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

"பார்த்துட்டேன்மா," என்றாள் மோகனப்ரியா. மேம் என்று சொல்லவில்லை. "நானே கையால மாத்திட்டேன். பட்டனை அழுத்தச் சொல்லுங்க."

பவன்குமார் அழுத்தினான். என் போனில் மறுபடி அதே செய்தி வந்தது. இந்தத் தடவை படத்தில் எங்கள் நீலக் கதவு. வாக்கர் இல்லாமல் அம்மா. ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருக்க, மறுகையில் பூங்கொத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். முகத்தில் சிரிப்பில்லை. சண்டைக்கு நிற்கிற முகம்.

"வாசனையே இல்ல, இத எதுக்குடி வாங்குன?" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

"மேம், உங்க அம்மா வீடு சரியாயிடுச்சு," என்றாள் மோகனப்ரியா. "வேற ஏதாவது உதவி வேணுமா?"

"எங்க வீடு மட்டும்தானா? காலனிக்கே மாறலையா?"

"அது தனித்தனியாத்தான் மேம். ஒவ்வொரு விலாசத்துக்கும் ஒரு தடவை இப்படிப் பண்ணணும்."

அழைப்பை வைத்துவிட்டுக் காலேஜுக்கு ஓட வேண்டிய நேரம். பரீட்சை டியூட்டிக்கு ஏற்கெனவே தாமதம்.

"பவன், கெளம்பிடாத," என்றேன். பிறகு அவளிடம் சொன்னேன், "வேணும் மேடம். பக்கத்து வீட்டுக்காரர் பேரு ஜெகநாதன். அவருக்கும் ஒரு பூ அனுப்பறேன். டோர் நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."