அடியில் நாலு விரல் இடம்

1

இந்தக் கதை ஒரு வெற்றிடத்தில் பிறந்தது. பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. எங்கள் பள்ளி வட்டார அலுவலகம் மாதாமாதம் அச்சிடும் செய்திமடலின் இரண்டாம் பக்கத்தில், அடியில் நாலு விரல் அகலத்துக்கு இடம் மிச்சமிருந்தது. தேர்வுத் தேதி, பள்ளிப் பேருந்து நேரம், காதில் சீழ் வந்தால் என்ன செய்வது என்று எல்லாம் போட்டாயிற்று, இடம் மட்டும் போகவில்லை. சவாயித் தீவில் எங்கள் பக்கத்து எட்டு ஊர்களுக்கும் அந்த ஒரே மடல்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தில் உரக்க வாசிப்பார்கள். வாசித்த பிறகு அது நோட்டீஸ் இல்லை, கிட்டத்தட்ட வேதவாக்கு.

அந்த மாதத்து முக்கியச் செய்தி இது: வியாழக்கிழமை தலைநகரிலிருந்து நர்ஸ் எமேலே வருகிறார், பிள்ளைகளின் இதயத்தைத் திரையில் காட்டும் ஸ்கேன் கருவியோடு. தொண்டை வலியை அலட்சியமாக விட்டால் சில பிள்ளைகளுக்கு அது மூட்டுவலிக் காய்ச்சலாக மாறி, இதயத்தின் கதவுகளையே, அதாவது வால்வுகளையே, கெடுத்துவிடும். நேரத்தோடு கண்டுபிடித்தால் ஊசி போட்டுக் காக்கலாம்.

மடலை எழுதுபவள் லோசிவாலே, அலுவலகத்தின் எழுத்தர். (எங்களுக்கெல்லாம் அக்கா. கதைக்குள் ‘அவள்’ என்றுதான் எழுதப்போகிறேன்.) பக்கம் அடுக்குவதும் வண்டி ஓட்டுவதும் நான். நாலு விரல் இடத்தைப் பார்த்த லோசிவாலே கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்: ‘வரும் விருந்தினரை நம் வழக்கப்படி வரவேற்போம்.’

வினை அந்த வரியில்தான் இருந்தது.

2

லோசிவாலே அன்று விடியலில் கண் விழித்தபோது கடல்—

(வேண்டாம். அவள் கடலைப் பார்த்து விழிப்பவள் இல்லை. பன்றிகள் கத்துவதைக் கேட்டு விழிப்பவள்.)

மனித இதயம் என்பது—

(இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்கமாட்டேன்.)

வியாழக்கிழமைக்கே போய்விடுகிறேன். பள்ளி மைதானத்தில் எட்டு ஊர்க்காரர்களும் காலையிலேயே கூடிவிட்டார்கள். முழுசாகச் சுட்ட பன்றி ஏழு. கூடை கூடையாகச் சேம்பங்கிழங்கு. மடித்து வைத்த மெல்லிய பாய்கள், எல்லாம் விருந்தினருக்குக் கொடுக்க. ஒரு பாயை முடைய எத்தனை மாதம் பிடிக்கும் என்று எங்கள் பெண்களைக் கேட்டால் சிரிப்பார்கள், சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருக்கும். ஒற்றைப் பையோடு வந்திறங்கிய நர்ஸ் எமேலே இதையெல்லாம் பார்த்து மலைத்துப்போனார். பேச்சுகளும் பதில் பேச்சுகளும் முடிந்து முதல் பிள்ளையைப் படுக்க வைப்பதற்குள் பத்து மணி.

பெயர்ப் பட்டியல் லோசிவாலே கையில். இருநூற்றுப் பதினாலு பெயர். மதியம் மூன்று மணிக்கு இருநூற்றுப் பதின்மூன்றில் குறி விழுந்திருந்தது. மிச்சம் ஒன்று: மானுசினா, பத்து வயது.

3

மானுசினாவின் ஆசிரியை தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு இந்த வருஷம் நாலு முறை தொண்டை வலி. இப்போது பள்ளிக்கூட மாடி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள்.

“அப்ப அவளைத்தானே முதல்ல கூட்டிட்டு வரணும்?” என்றாள் லோசிவாலே.

“எப்படிக்கா வருவாங்க? போன வாரம்தான் ஃபாலானிகோவோட அப்பா செத்தாரு. இருந்த பாய், பன்றி எல்லாம் சாவுச் சடங்குல கொடுத்தே போயிடுச்சு. நீங்கதான் வழக்கப்படி வரவேற்கணும்னு நோட்டீஸ் போட்டுட்டீங்க. வெறுங்கையோட வந்து எட்டு ஊர் முன்னாடி நிப்பாங்களா?”

ஃபாலானிகோ மானுசினாவின் அப்பா.

லோசிவாலே பட்டியலை மடித்தாள். நர்ஸ் மறுநாள் விடியற்காலைக் கப்பலில் போய்விடுவார். கருவி மறுபடி இந்தப் பக்கம் வர ஒரு வருஷமாகும். மாலைப் பிரார்த்தனைக்குச் சங்கு ஊதிவிட்டால் ஊருக்குள் யாரும் நடமாட முடியாது. இருந்தது இரண்டு மணி நேரம்.

4

இந்த இடத்துக்கு மூன்று வடிவம் எழுதினேன்.

முதல் வடிவத்தில் லோசிவாலே ஃபாலானிகோவைத் திட்டுகிறாள்: கௌரவம் பெரிதா, பிள்ளை பெரிதா என்று. (படிக்க ஜோராக இருந்தது. ஆனால் எட்டு ஊரிலும் ஒருவர்கூட நம்பமாட்டார்.)

இரண்டாவதில் ஃபாலானிகோ மனம் மாறித் தானே மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். (கண்ணீர் வரும். பொய்யும் வரும்.)

மூன்றாவதுதான் நடந்தது. நடந்தது என்பதாலேயே எழுத எனக்குக் கை கூசுகிறது.

லோசிவாலேயையும் கருவியோடு நர்ஸையும் ஏற்றிக்கொண்டு போன என் வண்டி ஃபாலானிகோ வீட்டு வாசலில் நின்றது. எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தூண்கள்தான். வண்டியில் நர்ஸைப் பார்த்ததும் உள்ளே இருந்தவர்கள் தென்னோலைத் தட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். மழையில்லாத பகலில் ஒரு வீடு தட்டி இறக்குகிறது என்றால் அந்த வீடு வெட்கப்படுகிறது என்று அர்த்தம்.

லோசிவாலே நர்ஸிடம் காலையில் அவருக்கு வந்த பாய்களில் ஒன்றைக் கேட்டாள். இருப்பதில் உயர்ந்ததை நர்ஸ் எடுத்துக் கொடுத்தார். அவள் கீழே இறங்கினாள். வாசல் கூழாங்கற்கள்மேல் உட்கார்ந்தாள். பாயைப் பிரித்துத் தலைக்குமேல் போர்த்தி, குனிந்துகொண்டாள்.

எங்கள் ஊரில் கொலைக் குற்றத்துக்கு அப்படி உட்காருவார்கள். குற்றம் செய்த குடும்பம் பாயைப் போர்த்திக்கொண்டு, பாதிக்கப்பட்ட வீட்டின் வாசலில் கிடக்கும். உள்ளே இருப்பவர்கள் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் கல்லடி பட்டாலும் கேட்க ஆளில்லை.

பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள்.

“ஐயோ, யாரு செத்தாங்க?”

“யாரும் சாகல,” என்று பாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. “நோட்டீஸ்ல ஒரு வரி தப்பாப் போச்சு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஊர் கூடிவிட்டது. வெயில் சாய்ந்தது. பாய் அசையவே இல்லை. ஒரு காகிதத்தில் போன ஒரு வரிக்காக ஒருத்தி தன் தலையைக் கொண்டுவந்து வைத்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சங்குக்குக் கால்மணி இருக்கும்போது ஒரு தட்டி உயர்ந்தது. ஃபாலானிகோ வந்து பாயைத் தூக்கினார்.

“எழுந்திரு, அக்கா. கல்லு குத்தும். உள்ள வா.”

வழக்கப்படி பாய் இப்போது அவருடையது. அவர் வீட்டில் ஒரு மெல்லிய பாய் இருந்தது. எல்லாத் தட்டிகளையும் சுருட்டிக் கட்டினார்.

5

அந்தப் பாயை விரித்து அதிலேயே மானுசினாவைப் படுக்க வைத்தார்கள். நர்ஸ் அவள் நெஞ்சில் கருவியை வைத்ததும் திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. சுவரில்லாத வீடு, ஊர் முழுக்கப் பார்த்தது. இரண்டு மெல்லிய இலைகள் திறந்தன, மூடின, திறந்தன. காலையிலிருந்து இருநூற்றுப் பதின்மூன்று தடவை இதைப் பார்த்த லோசிவாலேகூட வாயில் கை வைத்துக்கொண்டாள்.

மானுசினா தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

“இது எப்ப தூங்கும்?”

“தூங்காதும்மா,” என்றார் நர்ஸ். “நீ பொறக்குறதுக்கு முன்னாடியே முழிச்சுக்கிச்சு.”

பிறகு அவர் வெகுநேரம் ஒரே இடத்தைப் பார்த்தார். ஒரு கதவு சரியாக மூடவில்லை.

6

இதை முதலில் படித்தவள் லோசிவாலேதான். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள்.

“என்னை ஒரு இடத்துலயும் குண்டுன்னு எழுதலையே. நன்றி. ஆனா ஒரு பொய் இருக்கு தம்பி.”

தெரியும். நான்கு முறை திருத்தி எழுதியும் அதை மட்டும் நான் திருத்தவில்லை. (வாசகரே, நீங்கள் முதல் பகுதிக்குத் திரும்பிப் போகலாம். நான் காத்திருக்கிறேன்.)

அந்த வரியை அவள் சேர்க்கவில்லை. அவள் மடலை முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பக்கம் அடுக்கியவன் நான். அடியில் நாலு விரல் இடம் மொட்டையாகத் தெரிந்தது. பார்வைக்கு நன்றாக இருக்கட்டுமே என்று நான்தான் அதை நிரப்பினேன்.

அவள் கல்லில் உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரமும் நான் வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். இறங்கவில்லை.

“உங்களுக்கு அப்பவே தெரியுமா அக்கா?”

“ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிச்சப்பவே தெரியும். நான் எழுதாத வரி எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் நீங்க உட்கார்ந்தீங்க?”

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள்.

“குடும்பத்துல ஒருத்தன் தப்புப் பண்ணா, யாரு உட்கார்றதுன்னு நம்ம ஊர்ல என்னைக்குடா கேட்டிருக்காங்க?”

7

முடிவு சொல்ல வேண்டிய இடம் இது. மானுசினா பிழைத்தாள் என்று எழுதலாம். எழுதினால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள், அங்கேதான் ஆபத்து. நாலு வாரத்துக்கு ஒரு ஊசி, இருபத்தோரு வயது வரை. ஒன்றைத் தவறவிட்டாலும் காய்ச்சல் திரும்பலாம். இதுவரை ஒன்பது போட்டாயிற்று, வண்டி ஓட்டுவது நான். ஒவ்வொரு ஊசிக்கும் அவள் தவறாமல் அழுகிறாள், போன முறை ஊசி போட்ட ஆஸ்பத்திரி நர்ஸைக் கடித்துவிட்டாள். இந்தக் கதையின் முடிவு இன்னும் பத்து வருஷத்து வியாழக்கிழமைகளில் சிதறிக் கிடக்கிறது, பொறுக்கி எடுக்க என்னால் முடியாது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை தொண்டை வலிக்கிறது என்று சொன்னால் வெந்நீர் கொடுத்துப் படுக்க வைக்காமல் உடனே கூட்டிப்போய்க் காட்டுங்கள். என்னிடம் இருக்கும் முடிவு அவ்வளவுதான்.

இப்போது மடலில் ஊசித் தேதிக்குக் கீழே லோசிவாலே கைப்பட ஒரு வரி வருகிறது: ‘பிள்ளையை மட்டும் கூட்டி வாருங்கள். கையில் ஒன்றும் வேண்டாம்.’

அதற்கும் கீழே நாலு விரல் இடம் இருக்கிறது, இந்தப் பக்கத்திலும் இருக்கிறது. நான் அதில் எதுவும் எழுதப்போவதில்லை.