பயந்தாங்கொள்ளி வைரம்

அன்று காலையும் வைரம் தன் வேலையைக் காட்டிவிட்டது. ஜப்பானிய ஆய்வுக்கூடத்தின் நிலத்தடி வளையத்தில் ஓடிக்கொண்டிருந்த எலக்ட்ரான் கற்றை பட்டென்று நின்றது.

விரல்நகம் அளவுதான், வளையத்தில் பொருத்தியிருந்த அந்த வைரம். கதிர்வீச்சு பட்டால் அதில் சிறு மின்னோட்டம் எழும். அது எல்லை மீறினால் கற்றை தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள கருவி கருகிப்போகும். எவ்வளவு மின்னோட்டம் என்றால் எவ்வளவு கதிர்வீச்சு என்று அளந்து சொன்னவள் தெஷிமா.

கற்றையை ஓட்டும் குரோய்வா அவள் அறைக்கே வந்துவிட்டார்.

"தெஷிமா-சான், உங்க வைரம் சரியான பயந்தாங்கொள்ளி! ஈ பறந்தாகூட நிறுத்துது."

"கற்றை ஒழுங்கா ஓடினா அது ஏன் கத்தப்போகுது, குரோய்வா-சான்?"

மேசையில் அதே ரக மாற்று வைரம் ஒன்றைக் கதிரியக்க மூலத்தின் கீழ் வைத்து அப்போதுதான் அளந்திருந்தாள். முதல் வைரத்துக்கு வந்த அதே எண்தான். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"நம்பரையா திங்கிறது? வாங்க, கேன்டீன்ல இன்னைக்குக் கறி ரைஸ். அங்க வந்து சண்டை போடுங்க" என்றார் அவர்.

சண்டை தேநீர் ஆறும்வரை நீண்டது. திரும்பி வந்தபோது வைரம் மூலத்தின் கீழேயே கிடந்தது. திரையில் எண் எங்கேயோ ஏறியிருந்தது.

தெஷிமாவுக்குப் புரிந்துவிட்டது. புது வைரத்துக்குள் இருக்கும் குறைகள் முதலில் எழும் மின்னூட்டத்தை விழுங்கிவிடும். அவற்றின் பசி அடங்கிய பிறகுதான் அளக்க வேண்டும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது. முதல் வைரத்தைப் பொருத்தும் அவசரத்தில் பசித்த கல்லை அளந்துவிட்டாள். மாற்று வைரத்தையும் அப்படியே. கீழே வளையத்தில் இப்போது வயிறு நிறைந்துவிட்ட அந்தக் கல்லோ கொஞ்சத்தையும் நிறைய என்று கத்திக்கொண்டிருக்கிறது.

குரோய்வா எதையும் கவனிக்கவில்லை. சத்தமில்லாமல் எண்ணை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அதன் பிறகு தன் எண்ணைத் தானே எப்படி நம்புவது? அவமானத்தில் காது சுட, குனிந்து வணங்கினாள்.

"நீங்க சொன்னதுதான் சரி. தப்பா அளந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அவர் திரையை எட்டிப் பார்த்தார். "அட போங்க, இனிமே நான் யார்கூட சண்டை போடுறது?" என்றார்.

புது எண்ணோடு சில நாட்கள் கற்றை நிம்மதியாக ஓடியது. பிறகு ஒரு பிற்பகலில் நின்றது. அவர் வருவாரென்று காத்திருந்த தெஷிமா, காணாமல் தானே கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். குரோய்வா தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தார்.

"என் எண்ணை இன்னொரு தடவை சரிபாத்துடட்டுமா?"

"எதுக்கு? தப்புன்னா நீங்களே சொல்லிடுவீங்களே. கோளாறு என் பக்கம்தான், கீழ போய்ப் பாக்கறேன்."

அவர் போய்விட்டார். இனி அந்த எண்ணைச் சந்தேகிக்க அவளைத் தவிர யாருமில்லை. அவர் திட்டியிருந்தால் அவளுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.