ஈஸ்ட் பொங்கிய காலை

கலவரத்தால் ஊரடங்கு போட்டுப் பதினைந்தாவது நாள். தெருமுனை பேக்கரியின் ஷட்டர் ஏறவே இல்லை. மூன்றாம் மாடி வீட்டில் இரண்டே பேர்: லேத் பட்டறைக்காரனின் மனைவி, அவனுடைய அக்கா. நான்காம் நாள், ஒரு மணி நேரம் வெளியே விட்டபோது, ரொட்டி கிடைக்கிறதா பார்க்கிறேன் என்று இறங்கிப் போனவன் திரும்பவில்லை.

"ரொட்டி ரொட்டின்னு கேட்டு என் தம்பியைத் தொலைச்சியே" என்று அக்கா சொல்லாத வேளையில்லை. மனைவி எதிர்த்துப் பேசவில்லை. கேட்டது அவள்தானே.

எல்லாம் தீர்ந்து கோதுமை மாவும் கொஞ்சம் சர்க்கரையும் மட்டும் மிஞ்சியிருந்தன. அலமாரி மூலையில் ஈஸ்ட் பாக்கெட் ஒன்று, தேதி முடிந்து மூன்று மாதமாகியிருந்தது. அதில் பாதியை முந்தின நாள் அக்கா கொதிக்கிற தண்ணீரில் கொட்டிப் பாழாக்கியிருந்தாள். சேறு மாதிரி அடியில் தங்கிவிட்டது.

"இன்னைக்கு நான் பண்றேன் அண்ணி."

மனைவி தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து, ஈஸ்டைத் தூவி, தட்டைப் போட்டு மூடினாள். இருவரும் கிண்ணத்துக்குக் காவல் போல உட்கார்ந்தார்கள்.

"பழசு. பொங்காது."

"கொஞ்சம் பொறுங்க."

பத்து நிமிடம் கழித்துத் தட்டைத் தூக்கினால், ஓரமெல்லாம் குமிழி, நடுவில் பழுப்பு நுரை.

"அட, உயிர் இருக்குடி இதுக்கு!" அக்கா சிரித்துவிட்டாள். மனைவியும் சிரித்தாள். மாவைப் பிசைந்து துணியால் மூடிவைத்தார்கள்.

பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு பிளம்பர். ஆஸ்பத்திரியில் உடைந்த குழாயைச் சரிசெய்ய அவருக்குப் பாஸ் கொடுத்திருந்தார்கள். அவர் உள்ளே வரவில்லை.

"தம்பியைப் பார்த்தேம்மா. பிணவறையில. நாலாம் நாளே குண்டடி பட்டிருக்கு. யாருன்னு தெரியாம வச்சிருக்காங்க." துணிப்பை ஒன்றை நீட்டினார். "இது அவர்கூட இருந்துச்சு. ரெண்டு மணிக்குத் தெருவுல விடுவாங்க. நான் கூட வரேன்."

மனைவி பையைக் கவிழ்த்தாள். பிரஷர் மாத்திரை நாலு அட்டை. கூடவே அக்காவின் பெயர் போட்ட மருந்துச் சீட்டு. மருந்துக்கடை பாலத்துக்கு அந்தப் பக்கம், பேக்கரிக்கு நேர் எதிர்த்திசை.

அக்கா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"தலை சுத்துதுன்னு நான்தான் சொன்னேன். அவன் செருப்பு மாட்டும்போது சீட்டைக் கையில திணிச்சேன். அப்புறம் உன்கிட்ட சொல்ல வாய் வரலடி."

"என்னைச் சொல்ல மட்டும் வாய் வந்துச்சா அண்ணி? பதினோரு நாளா?"

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள். மனைவிக்கு அழுகை வரவில்லை. மாவு துணியைத் தூக்கிக்கொண்டு கிண்ணத்துக்கு மேல் நின்றது. அதை அமுக்கிக் கனமான பாத்திரத்தில் போட்டு மூடி அடுப்பில் வைத்தாள். கை ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. வெந்ததும் ஒரு துண்டைப் பிய்த்து அக்காவின் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க. மூணு கிலோமீட்டர் நடக்கணும். நீங்க விழுந்தா தூக்க எனக்குத் தெம்பில்ல."

அடி கருகியிருந்தது. அக்கா அழுதுகொண்டே தின்றாள்.

இரண்டு மணிக்கு இறங்கினார்கள். மனைவி பிளம்பருடன் முன்னால் போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.